செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே

வைகாசி முடிந்து ஆனி பிறக்கும் நாட்களில் தென்காசிச் சீமையில் மேல்காற்று எழும்பும். ஆரியங்காவுக்கும் புளியரைக்கும் இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து கிடக்கும் செங்கோட்டைக் கணவாய்தான் அதற்கு வாசல். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, இந்த இடைவெளியில் நெருக்குண்டு, வேகம் கூடிக் கிழக்கே இறங்குகிறது. மலையோரம் அதில் மிச்சமிருக்கும் ஈரம்தான் குற்றாலத்துச் சாரல். பேரருவியும் ஐந்தருவியும் சிற்றாற்றை நிரப்பும் அதே வாரங்களில், கிழக்கே சுரண்டையிலும் ஊத்துமலையிலும் ஆலங்குளத்திலும் அந்தக் காற்று துளி ஈரமில்லாமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடுகிறது. மலையில் சோலையும் சமவெளியில் முட்புதர்க் காடும் இந்தக் காற்றின் கணக்கில் வளர்ந்தவை. கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சமவெளிக் காற்று காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. காற்றாலை நின்ற இடம் ஒன்றுக்கும் உதவாத தரிசு, அங்கே இழப்பதற்கு எதுவுமில்லை என்பது பரவலான எண்ணம். இந்த எண்ணம் வரலாற்றோடு பொருந்தவில்லை. அந்தப் புஞ்சையும் தரிசும் உழவு மாட்டுக்குத் தீனியும் அடுப்புக்கு விறகும் கொடுத்து, முந்தைய காலத்தின் எரிசக்தியைச் சுமந்த நிலம். அந்த வேலையை முதலில் மின்சாரம் பறித்தது. வேலை போன நிலத்தை நாம் வெற்று நிலம் என்று சொல்லி, திரும்பவும் மின்சாரத்துக்கே கொடுத்தோம். அங்கே வாழ்ந்த உயிர்களைப் பற்றி இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.

பழைய நிலம் எப்படி இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆலங்குளம், சுரண்டை, சங்கரன்கோவில் பக்கத்துச் செவற்காடுகளில் தலை தட்டையாகப் பரந்து நிற்கும் உடைமரம்தான் முதன்மையான மரம். கூடவே பனை, வேம்பு, இலந்தை, சங்கஞ்செடி, ஆவாரை. வடகிழக்குப் பருவமழை பெய்தால் ஐப்பசி, கார்த்திகையில் கொழுக்கட்டைப் புல். உடைமரத்தின் நெற்று ஆட்டுக்குத் தீனி. அதன் விறகு நின்று எரியும். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கும் அடுப்புக்கு அதுதான் ஏற்றது. அறுப்பு முடிந்த புஞ்சையில் கிடை போடுவார்கள். பகலெல்லாம் தரிசில் மேய்ந்த ஆடு இரவில் வயலுக்கு எருவைக் கொண்டுவந்து சேர்க்கும். கிணறு உள்ள இடத்தில் கமலை. கிணற்று மேட்டில் இரண்டு மாடுகள் பின்னோக்கி நடந்து சாலை இறக்கும். சால் மொண்டதும் சரிவில் முன்னோக்கி இறங்கி வடத்தை இழுக்கும். தோல்வாலின் வழியே தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். ஒரு வயல் நனைய இப்படி நாள் முழுக்க நடக்க வேண்டும். அந்த மாடுகளுக்கு வைக்கோலும் சோளத்தட்டையும் போதாது, மேய்ச்சல் வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஊரும் தன் எல்லையில் மேய்ச்சல் தரிசை வைத்திருந்தது. யாராவது உழுது பிடித்தால் ஊர் கேட்டது. ஆடும் மாடும் புதரை ஓரளவுக்கு மேல் அடர விடாமல் பார்த்துக்கொண்டதால் புல்வெளி திறந்தே கிடந்தது. அந்தத் திறந்த வெளியில்தான் ஆட்காட்டி தரையில் முட்டையிட்டது, கௌதாரி இரை பொறுக்கியது, பனங்காடை பனைமரப் பொந்தில் குஞ்சு பொரித்தது, முயலும் குள்ளநரியும் உடும்பும் நடமாடின. மனிதன் கை படாத காடு அல்ல அது. மனிதரும் மாடும் நெடுங்காலம் புழங்கியதால் ஒரு வடிவம் பெற்ற வாழிடம்.

இந்த நிலம் ஆவணத்தில் ஏறிய விதமும் மலை அதில் ஏறிய விதமும் வேறு வேறு. குற்றால மலைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே கவனிப்பு கிடைத்தது. ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை ஆகியவற்றைக் கம்பெனி அங்கே தோட்டம் போட்டுப் பார்த்தது. பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் இருந்த வெள்ளை அதிகாரிகள் சீசனுக்குக் குற்றாலத்தில் வந்து தங்கினார்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1830களில் இந்த மலையில் செடிகொடி சேகரித்தார். பிற்பாடு அவர் வெளியிட்ட படத்தொகுதிகளால் குற்றாலத்தின் பெயர் உலகத் தாவரவியலில் நின்றது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தபோது மலைக்காடு காப்புக்காடு ஆனது. அந்தச் சட்டத்துக்குப் பின்னாலும் எரிசக்தியின் தேவை இருந்தது: தென்னிந்திய ரயில்கள் அப்போது விறகையும் எரித்து ஓடின, அந்த விறகுக்குக் காட்டைக் கட்டுக்குள் வைக்க அரசு விரும்பியது. நோக்கம் எதுவானாலும் மலைக்கு எல்லைக்கல் கிடைத்தது, பெயர் கிடைத்தது, காவலர் கிடைத்தார். சமவெளிக்குக் கிடைத்தது வரிக்கணக்கின் பெயர்கள் மட்டுமே: நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு. வரி தராத நிலம் என்பதற்கு மேல் அந்தக் கடைசி இரண்டும் எதையும் சொல்லவில்லை. ஊத்துமலை, சிவகிரி போன்ற ஜமீன்களின் கீழ் இருந்த நிலத்துக்கு 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ரயத்துவாரிக் கணக்கு எழுதப்பட்டபோதும் அதே பெயர்கள்தான் தொடர்ந்தன. பட்டா நிலம் பட்டாதாரருக்கு, மற்றது அரசுக்கு. உடைமரக் காட்டுக்கும் அதில் வாழ்ந்தவற்றுக்கும் எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் இல்லை.

மின்சாரத்தின் கதை இந்தப் பக்கத்தில் பாபநாசத்தில் தொடங்குகிறது. தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் இடத்தின் நீர்வேகத்தைக் கண்டு, 1880களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை நிறுவினார்கள். ஆற்றின் விசையிலேயே ஆலை ஓடியது. சென்னை மாகாணத்தின் நீர்மின் திட்டங்களில் பைக்காரா 1932இல் ஓடத் தொடங்கியது, மேட்டூர் 1937இல், பாபநாசம் 1944இல். பாபநாசத் திட்டத்துக்காகக் கட்டிய காரையாறு அணைக்குள் மலைக்காட்டின் ஒரு பள்ளத்தாக்கு மூழ்கியது. 1980களில் சேர்வலாறு அணையும் சேர்ந்தது. குற்றாலத்து அருவிகளுக்கு அந்தக் கதி வரவில்லை. சிற்றாறு சீசனில் பெருகிக் கோடையில் ஒடுங்கும் ஆறு. ஆண்டு முழுதும் சுழலியைச் சுற்ற அதில் நீர் நிற்காது. பாபநாசமும் குற்றாலத்தைப் போலவே புனிதத் தலம்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். குற்றாலத்து அருவி தப்பியதில் பக்தியைவிட நீர்க்கணக்குக்குப் பங்கு அதிகம். ஆனால் பாபநாச மலையில் நடந்த சேதத்துக்கு ஒரு எல்லை விழுந்தது. முண்டந்துறை 1962இல் சரணாலயமானது, களக்காடு 1976இல். 1988இல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. இன்று அணையும் மின்வாரியக் குடியிருப்பும் காப்பகத்துக்குள் இருக்கின்றன, காட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் அங்கே எதுவும் நடக்கிறது. குற்றாலம், கடையநல்லூர்ப் பக்கத்து மலைகள் 2015இல் நெல்லை வனவிலங்கு சரணாலயத்துக்குள் வந்தன. காட்டுக்குள் அணை கட்டிய எரிசக்தியைக்கூடப் பின்னால் வந்த சட்டம் ஓரளவு கட்டி நிறுத்தியது. அப்படிக் கட்டி நிறுத்த முடிந்ததற்குக் காரணம், காடு காடு என்று முன்பே எழுதப்பட்டிருந்ததுதான்.

பாபநாசத்து மின்சாரம் மலையில் செய்ததைவிடச் சமவெளியில் செய்த மாற்றம் பெரியது, பேசப்படாதது. விடுதலைக்குப் பின், குறிப்பாக 1957இல் தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்த பிறகு, கம்பி ஊர் ஊராகப் போனது. கிணற்றடியில் மோட்டார் வந்தது. சில இடங்களில் அதற்கு முன்பே ஆயில் எஞ்சின் வந்திருந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமானது. கமலை நின்றது. மழையை நம்பிய புஞ்சை கிணற்றுப் பாசனத் தோட்டமானது. பாவூர்சத்திரம், ஆலங்குளம் காய்கறிச் சந்தைகளும், கேரளத்துக்குப் போகும் காய்கறி லாரிகளும் அந்த மோட்டார்களின் விளைவு. அது நல்ல மாற்றம், பல குடும்பங்களை வறுமையிலிருந்து தூக்கிவிட்ட மாற்றம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதோடு வேறொன்றும் நடந்தது. கமலை மாடு போனது, பிறகு டிராக்டர் வந்து ஏர்மாடும் போனது. மாடு போனதும் மேய்ச்சல் தரிசைக் காக்கும் அக்கறை ஊரைவிட்டுப் போனது. மண்ணெண்ணெயும் பிறகு எரிவாயு உருளையும் வந்ததும் விறகின் தேவையும் குறைந்தது. விறகுப் பஞ்சத்துக்கு மருந்து என்று பரப்பப்பட்ட சீமைக் கருவேலம், மேய்ச்சல் விட்டுப்போன இடங்களில் கேட்பாரின்றி மண்டியது. உடையும் புல்லும் இருந்த இடத்தை அது மூடியது. பின்னாளில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. எரிசக்தியின் பெயரால் வந்த ஒரு மரமே பழைய எரிசக்தி நிலத்தை அழித்தது என்பதை இந்த வரலாற்றில் அழுத்திச் சொல்ல வேண்டும். காற்றாலை வருவதற்கு முன்பே அந்த நிலத்தைக் காக்க ஆளில்லாமல் போயிருந்தது.

காற்று பிறகுதான் கணக்கில் ஏறியது. வானிலை ஆய்வுத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்னா மாணி, 1980களில் நாடு தழுவிய காற்றுவள ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். இந்தச் சீமையில் ஆய்குடி உள்ளிட்ட இடங்களில் கம்பம் நட்டுக் காற்றின் வேகமும் திசையும் அளந்தார்கள். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வாயில் காற்று எவ்வளவு நம்பகமானது என்பதை அளவையே சொல்லியது. 1986இல் தூத்துக்குடியில் 55 கிலோவாட் எந்திரங்களோடு தமிழ்நாட்டில் அரசின் முதல் மாதிரிக் காற்றாலைப் பண்ணை எழுந்தது. கயத்தாறும் முப்பந்தலும் அடுத்து வந்தன. 1990களில் தனியார் இறங்கினார்கள். காற்றாலையின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் அப்போது இடம் கொடுத்தது. நூற்பாலைகளுக்கு அது இரட்டை ஆதாயம்: வரி மிச்சம், சொந்த மின்சாரம். காற்றுக்காலத்தில் உண்டாக்கும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் அனுப்பி, கணக்கில் வைத்து, வேறு மாதங்களில் தங்கள் ஆலையில் எடுத்துக்கொள்ள முடிந்தது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. ஆண்டு உற்பத்தியில் பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் வருகிறது. தென்காசி தனி மாவட்டமாக 2019 நவம்பரில் பிரிந்தபோது, அதன் கிழக்குப் பாதியில் காத்தாடி தெரியாத ஊர் அரிதாகியிருந்தது.

நிலம் எப்படிக் கை மாறியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காற்று நன்றாக வீசும் மேட்டுப் புஞ்சை விளைச்சலில் பின்தங்கியது, விலை மலிவு. தரகர்கள் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தார்கள். விலை ஏறியதும் விற்காதவரும் உழுவதை விட்டு விலையைப் பார்த்துக் காத்திருந்தார். எந்திரம் நிற்கும் கான்கிரீட் அடித்தளம் சிறியதுதான். ஆனால் இறக்கையை ஏற்றிவரும் நீண்ட வண்டி திரும்ப அகலமான சரள் சாலை வேண்டும், கிரேன் நிற்கத் திடல் வேண்டும், ஒவ்வோர் எந்திரத்திலிருந்தும் துணைமின் நிலையம் வரை கம்பி வேண்டும். ஒரு மேட்டுக்காட்டில் பத்து எந்திரம் நின்றால் அதன் குறுக்கும் நெடுக்கும் சாலை வெட்டப்பட்டிருக்கும், ஓடைகள் சாலைக்கு அடியில் குழாய்க்குள் போயிருக்கும். இவற்றை முன்கூட்டி எடைபோடும் கடமை சட்டத்தில் யாருக்கும் இல்லை. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை வெள்ளைப் பிரிவில், அதாவது மாசே இல்லாத தொழில்களில் சேர்த்தது. புகை, கழிவுநீர் என்ற கணக்கில் அது சரி. நிலத்தின் கணக்கு அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. வனநிலம் என்றால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆகவே திட்டங்கள் வனத்தைத் தவிர்த்துப் புஞ்சைக்கும் தரிசுக்கும் வந்தன. நாட்டின் தரிசு நில வரைபடத் தொகுப்போ முட்புதர் நிலத்தையும் தரிசு வகைகளில் ஒன்றாகவே காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டு வரிக்கணக்கின் பார்வை செயற்கைக்கோள் படத்திலும் தொடர்கிறது.

இதனால் உயிர்களுக்கு என்ன ஆனது? தெளிவான சான்று மகாராஷ்டிரத்தின் சதாரா பக்கத்துச் சால்கேவாடி பீடபூமியிலிருந்து வருகிறது. இந்திய அறிவியல் நிறுவனத்தின் மரியா தாக்கரும் உடனாய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. காற்றாலை உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள், இல்லாத பகுதியில் இருந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இருந்தன. பருந்து குறைந்ததால் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகின. பயம் குறைந்த ஓணானின் உடலில் அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. கூட்டம் பெருகியதால் போட்டி கூடி உடல் மெலிந்திருந்தது. ஆண் ஓணானின் தொண்டை நிறமும் மங்கியிருந்தது. எந்திரம் ஓணானை நேரடியாக எதுவும் செய்யவில்லை. மேலே இருந்த வேட்டையாடியை விலக்கியதே கீழே உள்ள எல்லாவற்றையும் மாற்றப் போதுமானது. சால்கேவாடி எரிமலைப் பாறைப் பீடபூமி, தென்காசி செவற்காடு. ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் திறந்த புல்-புதர் நிலத்தில் இந்த விளைவு எந்த வழியாக வருகிறது என்பதை அந்த ஆய்வு காட்டிவிட்டது, அந்த வழி இங்கேயும் திறந்திருக்கிறது. இந்தப் பக்கத்துச் சமவெளிக்கு வடகிழக்குப் பருவமழையோடு வடக்கிலிருந்து பூனைப்பருந்துகள் வரும். புல்லில் பெருகும் வெட்டுக்கிளிகள் அவற்றின் இரை. இரவில் மரத்தில் அமராமல், புல்வெளியில் தரையிலேயே கூட்டமாக உறங்கும் பருந்து இது. காற்றாலை வேகமாகச் சுழலும் மாதங்களில் இவை இங்கே இருப்பதில்லை. இறக்கையில் அடிபடும் ஆபத்து அதனால் குறைவாகவே இருக்கலாம். ஆனால் அவை திரும்பி வரும்போது உறங்கப் புல் இருக்க வேண்டும். சரள் சாலையும் கருவேலமும் வீட்டுமனைக் கற்களும் ஏறிய நிலத்தில் அந்தப் படுக்கை இருக்காது.

காற்றாலை நிலத்தில் சிறு பங்கைத்தான் எடுக்கிறது, அதைச் சுற்றி விவசாயம் நடக்கிறதே என்று கேட்பார்கள். பயிரின் கணக்கில் அது உண்மை. காத்தாடிக்கு அடியில் உளுந்தும் சோளமும் விளைவதைக் காணலாம். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும்போது கேரளத்திலிருந்து ஆட்கள் வந்து படம் எடுக்கிறார்கள். ஆனால் வாழிடத்தைப் பரப்பால் மட்டும் அளக்க முடியாது. தரையில் கூடு வைக்கும் ஆட்காட்டிக்கு வேண்டியது தொந்தரவில்லாத தொடர்ச்சியான வெளி. நூறு ஏக்கரில் இரண்டு ஏக்கர் சாலையானால் தொண்ணூற்றெட்டு ஏக்கர் மிஞ்சுகிறது. ஆனால் அது பத்துத் துண்டாக மிஞ்சுகிறது, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் காக்கை உட்கார ஒரு கம்பி இருக்கிறது. விவசாயம் தொடர்ந்தது என்பதும் எங்கும் உண்மையில்லை. கைமாறிய நிலங்களில் எத்தனையோ உழவு நின்று முள் மண்டிக் கிடக்கின்றன.

அடுத்த கேள்வி இன்னும் கனமானது. காற்று வேண்டாமென்றால் நிலக்கரிதானே? தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 முதல் ஓடுகிறது. அதன் புகையையும் சாம்பலையும் யார் தாங்குவது? சூடேறும் பூமியில் தென்மேற்குப் பருவமழையே தடுமாறினால் குற்றாலத்துச் சீசன் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்கு முன் நான் தலைகுனிகிறேன். காற்றாலை வேண்டும், இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் காற்றா நிலக்கரியா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் எந்த மேட்டில், எந்த ஓடைக்கு எவ்வளவு தள்ளி, எந்தப் புல்வெளியை விட்டு என்ற கேள்வி தீர்ந்துவிடாது. ராஜஸ்தானில் கானமயிலுக்காக 2021இல் உச்ச நீதிமன்றம் மின்கம்பிகளைப் புதைக்கச் சொன்னது. 2024இல் பருவநிலைத் தேவையையும் சேர்த்து எடைபோட்டு அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் அங்கே இரண்டு பக்கமும் தட்டில் வைக்கப்பட்டன. தென்காசிச் சமவெளியில் ஒரு தட்டு எப்போதும் காலியாகவே இருந்தது. கானமயில் போலப் பெயர்பெற்ற ஒரு பறவை இங்கே இல்லாததே காரணம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறான வாதம் உண்டு. காத்தாடிகள் மேகத்தை விரட்டிவிடுகின்றன, அதனால்தான் மழை இல்லை என்று பல ஊர்களில் நம்புகிறார்கள். இதை ஏற்க முடியாது. ஆலங்குளமும் சுரண்டையும் மலையின் மழைமறைவில் இருப்பவை. காத்தாடி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே தென்மேற்குக் காற்று அங்கே வறண்டுதான் வந்தது. அந்த வறட்சியைத் தாங்கத்தான் அத்தனை குளங்கள் வெட்டினார்கள். தரையிலிருந்து நூறு சொச்சம் மீட்டரில் சுழலும் இறக்கை, கிலோமீட்டர் கணக்கில் மேலே உருவாகும் மேகத்தை விரட்டாது. ஆனாலும் அந்த நம்பிக்கையை வெறும் அறியாமை என்று ஒதுக்கவும் முடியவில்லை. தன் கண்ணெதிரே நிலம் மாறிப்போனதை, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றியதை, மக்கள் தங்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறார்கள். முறையான மதிப்பீடும் ஊர்க்கூட்டமும் இருந்திருந்தால் இந்த மனக்குறைக்குச் சரியான வடிவம் கிடைத்திருக்கும்.

கணவாயைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். வடக்கே பெரியாறு மலைகளையும் தெற்கே அகத்திய மலைகளையும் பிரிக்கும் தாழ்வு அது. யானை போன்ற பெரிய விலங்குகள் இரண்டுக்கும் இடையே போய்வர அந்தத் தாழ்வைக் கடந்தாக வேண்டும். 1904இல் அதன் வழியே கொல்லம்–செங்கோட்டை ரயில் வந்தது, பின்னர் நெடுஞ்சாலை அகலமானது. கேரளத்துக்கு மின்சாரம் கொண்டுபோகத் திருநெல்வேலியிலிருந்து இடமண் வரை 400 கிலோவோல்ட் மின்தடமும் இந்த மலைத்தொடரைக் கடக்கிறது. காற்றுக்கும் ரயிலுக்கும் கம்பிக்கும் யானைக்கும் தாழ்வான இடமே வேண்டியிருக்கிறது. இவற்றில் கோப்பு எழுதத் தெரியாதது யானை மட்டுமே. மலையடிவாரத்து வடகரை, மேக்கரைத் தென்னந்தோப்புகளில் யானை இறங்கும் செய்தி வரும்போதெல்லாம் இந்த நெருக்கடியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் எந்திரங்களின் ஆயுள் முடிகிறது. அவற்றை மாற்றவும் புதுப்பிக்கவும் 2024இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. மரபாகப் பின்பற்றும் கணக்கு, இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல் காற்றுக்குக் குறுக்கே 5 மடங்கும் காற்றின் திசையில் 7 மடங்கும் இடைவெளி. பழைய எந்திரத்தின் விட்டம் சுமார் 30 மீட்டர். ஒன்றுக்கு 150க்கு 210 மீட்டர், ஏறத்தாழ 8 ஏக்கர். புதியதன் விட்டம் 120 மீட்டர் என்றால் 600க்கு 840 மீட்டர், ஏறத்தாழ 125 ஏக்கர். பழைய அடித்தளங்களில் பெரும்பாலானவை இனித் தேவைப்படாது, அவற்றுக்குப் போட்ட சாலைகளும்தான். விடுபடும் அந்த இடங்களில் கான்கிரீட்டை உடைத்து, சரளை வழித்து, ஓடையைத் திறந்து, கருவேலத்தை எடுத்து, உடையையும் கொழுக்கட்டைப் புல்லையும் வரவிட்டு, ஆட்டுக்கு மேய்ச்சலும் திருப்பிக் கொடுக்கலாம். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர், ஊருக்கு நடுவே பறவைகள் அடையும் இடம், 2005இல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பிடம் ஆனது. மூன்று ஹெக்டேருக்கும் குறைந்த பரப்பு, மக்கள் புழக்கத்தை நிறுத்தாமலே அது நடந்தது. மேய்ச்சல் புறம்போக்கு அரசு நிலம் என்பதால் அதே பிரிவு அதற்கும் பொருந்தும். தனியார் நிலத்துக்குச் சமூகக் காப்பிடம் என்ற இன்னொரு பிரிவு இருக்கிறது. எதைக் காப்பது என்று தெரிய முதலில் எண்ண வேண்டும். 2011 முதல் தாமிரபரணிப் படுகையின் குளங்களில் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் தன்னார்வலர்களோடு தை, மாசிப் பொழுதில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறது. குளத்தில் எண்ணும் அந்தக் கைகளே, பழைய எந்திரங்கள் இறங்கும் முன், கரையேறி ஊத்துமலைக்கும் சுரண்டைக்கும் இடைப்பட்ட மேட்டுக்காடுகளில் பூனைப்பருந்தையும் ஆட்காட்டியையும் கௌதாரியையும் எண்ணத் தொடங்கலாம்.